1964-க்குப் பிறகும் நுரையீரல் புற்றுநோய் மரணம் ஏன் ஏறியது?

சிகரெட் பழக்கத்தையும் நுரையீரல் புற்றுநோய் மரணத்தையும் இரண்டு கோடுகளாகக் காட்டும் உங்கள் வரைபடம் சரிதான், அவற்றுக்கு நடுவே உள்ள கால இடைவெளியைத்தான் விட்டுவிட்டீர்கள். புகையின் தீங்கை எச்சரித்த 1964 அரசு அறிக்கைக்குப் பிறகு, அமெரிக்காவில் சிகரெட் பழக்கம் 1960-களின் நடுவிலிருந்து குறைந்தும், ஆண்களின் நுரையீரல் புற்றுநோய் மரணம் 1990 வாக்கில்தானே உச்சம் தொட்டது, அப்படியானால் புகையா காரணம் என்று கேட்கிறீர்கள்.

புகை உயிரணுவின் மரபணுவைக் கெடுத்து, அது கட்டியாக வெளியே தெரிய 20, 30 வருடம் ஆகிவிடும். 1990-ல் இறந்தவர்களில் பலர் 1940-களிலேயே பற்றவைக்கத் தொடங்கியவர்கள்.

இதைச் செய்து பாருங்கள்:

1. மொத்த மரண எண்ணிக்கையை விடுங்கள், மக்கள்தொகையும் முதுமையும் அதை ஏற்றிக் காட்டும். வயதுக்கேற்பச் சரிசெய்த விகிதத்தை எடுங்கள்.
2. சிகரெட் கோட்டை 25 வருடம் வலப்பக்கம் தள்ளுங்கள்.
3. ஆண், பெண் கோடுகளைப் பிரியுங்கள். பெண்கள் பிந்தித்தான் பிடிக்க ஆரம்பித்தார்கள், அவர்கள் உச்சமும் பிந்தித்தான் வரும். எனக்கு இதுதான் பலமான சான்றாகப் படுகிறது.

ஒன்று, பக்கத்தில் இருப்பவர் சுவாசிக்கும் புகைக்கு இந்த வரைபடத்தை ஆதாரமாக்காதீர்கள். அதற்குத் தனிநபர்களைத் தொடர்ந்த ஆய்வுகள்தான் வேண்டும். 1981-ல் ஜப்பானிய ஆய்வாளர் ஹிராயாமா, புகைக்காத மனைவியரைக் கணவரின் பழக்கத்தை வைத்துப் பிரித்துப் பார்த்தது அந்த வகை. மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ரேடானும் நுரையீரல் புற்றுநோய் தரும் என்பதால், எல்லோரும் புகையை விட்டாலும் மரண விகிதம் பூஜ்ஜியத்துக்கு இறங்காது.