கெம்பஸ்ல நடக்கிற பேச்சு, பட்டறை, கூத்து பற்றி கேளுங்கோ: திருகோணமலை கேள்வி பதில்

வணக்கம் எல்லாருக்கும். பதினைஞ்சு வருசத்துக்கு மேல திருகோணமலையிலயும் மட்டக்களப்பிலயும் கெம்பஸ் பக்கம் நடக்கிற தமிழ், வரலாறு, நாடக நிகழ்ச்சியள ஒழுங்கு செய்யிற வேலையில நிண்டிருக்கிறன். மேடையில இருந்தத விட கதிரை அடுக்கினதும், மைக் பார்த்ததும், பேச்சாளர பஸ் ஸ்டாண்ட்ல போய்க் கூட்டிக்கொண்டு வந்ததும் தான் கூட. கேள்வி இருந்தா அனுப்புங்கோ எண்டு போன கிழமை சொல்லியிருந்தன், கனக்க வந்திருக்கு, ஒரே மாதிரி இருந்ததுகள ஒண்டாச் சேர்த்துட்டன்.

கேள்வி (கிண்ணியா, ஏ.எல். பரீட்சை எழுதிட்டு இருக்கிற தங்கச்சி): அக்கா, நான் கெம்பஸ் ஸ்டூடன்ட் இல்ல. நினைவுப் பேருரை ஒண்டு நடக்குது எண்டு போஸ்டர் பார்த்தன். நானும் போகலாமா, கேட்ல மறிச்சா என்ன சொல்லுறது?

போகலாம் தங்கச்சி. போஸ்டர்ல "அனைவரும் வருக" எண்டு இருந்தா அது உங்களையும் சேர்த்துத்தான். நினைவுப் பேருரை எண்டாலே வழமையா வெளி ஆக்களும் வரட்டும் எண்டு வைக்கிறது. பட்டறை வேற, அதுக்கு இத்தனை பேர் தான் எண்டு கணக்கு இருக்கும், பெயர் பதியாம போக ஏலாது. போஸ்டர்ல இருக்கிற நம்பருக்கு முதல் நாளே ஒரு கோல் எடுத்து, நான் இன்ன பாடசாலை, வரலாமா எண்டு கேளுங்கோ. அப்ப கேட்ல நிக்கிற செக்கியூரிட்டி கேட்டாலும் இன்னாரோட கதைச்சு அனுமதி எடுத்தன் எண்டு சொல்லலாம். ஐடென்டிட்டி கார்ட் மறக்காதேங்கோ. ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு போங்கோ, போன்ல ஸ்லைட்ட போட்டோ எடுக்கிறவை பிறகு அத திறந்து பார்த்தத நான் காணேல்ல.

கேள்வி (இதே ஊர்ல மூண்டு பேர் கேட்டது): பேச்சு முடிஞ்சு கேள்வி கேக்கச் சொல்லுவினம், கை தூக்க பயமா இருக்கு.

பேச்சு நடக்கேக்கையே கேள்விய எழுதுங்கோ, எழுதினத பார்த்து அப்படியே வாசிக்கலாம், அதில வெக்கப்பட ஒண்டும் இல்ல. "சிறப்பான உரை, நன்றி" எண்டு தொடங்கி ரெண்டு நிமிசம் போக்காம நேர கேள்விக்கு வாங்கோ. எந்தத் துறையா இருந்தாலும் உதவுற ஒரு கேள்வி சொல்லுறன்: "நீங்க சொன்னதுக்கு எங்கட ஊர்ப்பக்கத்தில ஏதும் உதாரணம் இருக்கா?" இதக் கேட்டவுடன தாளப் பார்த்து வாசிச்சுக்கொண்டு இருந்த பேராசிரியர்மார் நிமிர்ந்து கதைக்கத் தொடங்கினத பல தரம் பார்த்திருக்கிறன்.

கேள்வி (ஒரு தமிழ்ச் சங்கச் செயலாளர் தம்பி): அக்கா, இந்த வருசம் ஒரு பேருரை வைக்கப் போறம். "தமிழின் தொன்மை" எண்டு தலைப்பு குடுக்கலாம் எண்டு கமிட்டி சொல்லுது. உங்கட ஐடியா?

தம்பி, கோவிக்காதேங்கோ, அந்தத் தலைப்பு வேண்டாம். அது எந்த ஊர்லயும் வைக்கலாம், யாரும் பேசலாம், அதனால தான் ஒருத்தருக்கும் ஞாபகம் நிக்கிறதில்ல. திருகோணமலையில இருந்துகொண்டு ஏன் வெளியில போய்த் தலைப்புத் தேடுறீங்க.

எங்கட பிரெட்ரிக் கோட்டை வாசல எடுங்கோ. கோணேசர் கோயிலுக்குப் போற எல்லாரும் அதுக்குள்ளால தான் போறம், வாசல் கல்லில ரெண்டு கயல் மீனும் தேய்ஞ்ச தமிழ் எழுத்தும் இருக்கு, எத்தனை பேர் நிண்டு பார்த்திருப்பம்? 1620களில போர்த்துக்கேயர் கோயில இடிச்சு அந்தக் கல்லுகளால கோட்டை கட்டினவை, குளக்கோட்டன் எண்ட அரசன் செய்த திருப்பணிய பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், பிரிப்பான் எண்டு சொல்லுற பாட்டு தான் அந்த எழுத்து. ஒரு கல்வெட்டு, ஒரு பாட்டு, ஒரு கோட்டை, இத வைச்சு மட்டும் ஒண்டரை மணித்தியாலம் பேச ஆள் இருக்கு.

இல்லாட்டி வெல்கம் விகாரை. பௌத்த விகாரை, ஆனா சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் அதில இருக்கு, இராஜராஜப் பெரும்பள்ளி எண்டு பெயர், விளக்குக்கும் பசுவுக்கும் தானம் குடுத்தத தமிழ்ல வெட்டி வைச்சிருக்கினம். தமிழர் பௌத்தரா இருந்த காலம் எண்ட ஒரு விசயத்த சிங்களப் பிள்ளையளும் தமிழ்ப் பிள்ளையளும் ஒரே ஹோல்ல இருந்து கேக்கோணும் எண்டு எனக்குப் பெரிய ஆசை.

என்னைக் கேட்டா நான் முதல்ல வைக்கிறது மோகனாங்கிய. 1895ல வந்த நாவல், தமிழ்ல முதல் வரலாற்று நாவல் எண்டு சொல்லுறது அதத்தான், எழுதினவர் தி.த. சரவணமுத்துப்பிள்ளை, எங்கட திருகோணமலை ஆள். இங்க பிறந்து சென்னையில போய்ப் படிச்சு நாயக்கர் காலத்துக் கதைய எழுதினவர். அவற்ற அண்ணன் தி.த. கனகசுந்தரம்பிள்ளையும் பெரிய தமிழறிஞர். இந்த ஊர்ப் பிள்ளையளிட்ட போய் மோகனாங்கி தெரியுமா எண்டு கேட்டா கன பேர் இல்ல எண்டு தான் சொல்லுதுகள், அது பிள்ளையளில பிழை இல்ல, நாங்கள் ஒரு பேச்சு வைக்கேல்ல.

இங்கிலிஷ் படிக்கிற பிள்ளையளச் சேர்க்கிறதெண்டா ரொபர்ட் நொக்ஸ் எண்ட இங்கிலிஷ் கப்பல்காரர் இருக்கிறார், 1660ல மூதூர்ப் பக்கம் கொட்டியாரத்தில பிடிபட்டு பத்தொன்பது வருசம் கண்டி இராச்சியத்தில கிடந்து, தப்பிப் போய் 1681ல லண்டன்ல புத்தகம் போட்டவர். இங்கிலிஷ் நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரின்ட தம்பி சாள்ஸ் ஒஸ்ரின் எங்கட டவுன் சவக்காலையில தான் அடக்கமாயிருக்கிறார், 1852ல செத்தவர். இதெல்லாம் எங்கட பக்கத்திலயே இருக்கு தம்பி.

கேள்வி (அதே தம்பி): நிகழ்ச்சி நிரல் எப்பிடிப் போடுறது?

மங்கள விளக்கு, தமிழ்மொழி வாழ்த்து, வரவேற்புரை, எல்லாம் சேர்த்து இருபது நிமிசம். பேருரை நாப்பத்தஞ்சு, கேள்விக்கு முப்பது, நன்றியுரை மூண்டு நிமிசம். ஒரு இடத்தில, இடத்தின்ர பேர் வேண்டாம், யாழ்ப்பாணத்தில இருந்து இரவு பஸ்ல வந்த ஒரு வயசான பேராசிரியருக்கு இருபது நிமிசம் தான் குடுத்தம். வாழ்த்துரை எண்டு ஆறு பேர் ஏறி ஒரு மணித்தியாலம் போச்சு, அவர் எழுதிக்கொண்டு வந்த தாளில பாதிய மடிச்சு பொக்கெட்ல வைச்சத நான் பக்கத்தில நிண்டு பார்த்தன். அண்டையில இருந்து வாழ்த்துரைக்கு ரெண்டு பேருக்கு மேல நான் ஒத்துக்கொள்ளுறதில்ல, யார் கோவிச்சாலும் சரி. கேள்வி நேரத்த மட்டும் வெட்டாதேங்கோ, பேச்ச புத்தகத்தில வாசிக்கலாம், கேள்விக்குச் சொல்லுற பதில் வேற எங்கயும் கிடைக்காது.

கேள்வி (மொழித்துறை ரெண்டாம் வருசம், தங்கச்சி): கூத்துப் பட்டறை ஒண்டு வைக்க விருப்பம். ரெண்டு நாள் காணுமா? யார கூப்பிடுறது?

கூத்த ரெண்டு நாள்ல பழக ஏலாது, ஆனா கூத்து எண்டா என்ன எண்டு உடம்பால விளங்கிக்கொள்ள ரெண்டு நாள் காணும். முதல் நாள் காலமை பேச்சே வேண்டாம், நேர மத்தளத்தோட தொடங்குங்கோ. கூத்தில வடமோடி, தென்மோடி எண்டு ரெண்டு பாணி இருக்கு, வடமோடித் தாளக்கட்டு ஒண்டு, தென்மோடித் தாளக்கட்டு ஒண்டு, வாயால சொல்லி காலால மிதிக்கப் பழக்கினா, மத்தியானத்துக்குள்ள ரெண்டுக்கும் வித்தியாசம் காலுக்கே தெரியும். பிறகு தான் வரலாறு. ஊர்ல கூத்து எப்பிடி வரும் எண்ட ஒழுங்கையும் சொல்லிக் குடுக்கோணும்: சட்டங் குடுக்கிறது, அதாவது ஆருக்கு எந்தப் பாத்திரம் எண்டு பாட்டப் பிரிச்சுக் குடுக்கிறது, பிறகு மாதக்கணக்கில பழக்கம், சதங்கை அணியிறது, அடுக்குப் பார்க்கிறது, அதாவது ஒத்திகை, கடைசியா களரி ஏத்துறது, அதாவது அரங்கேற்றம். ஒரு ஊரே வேலை செய்யிற விசயம் அது.

கெம்பஸ்காரர் கூத்துக்குள்ள வந்ததுக்கும் பெரிய கதை இருக்கு. பேராதனையில பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில மட்டக்களப்புக் கூத்த எடுத்து, மாணவர வைச்சு கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை எண்டு போட்டவர். சுத்திவர ஆக்கள் இருந்து பார்க்கிற வட்டக்களரியில விடிய விடிய ஆடினத சுருக்கி, முன்னுக்கு இருந்து மட்டும் பார்க்கிற படச்சட்ட மேடைக்குக் கொண்டு வந்தார், படிச்ச ஆக்கள் கூத்த பார்க்கத் தொடங்கினதில அதுக்குப் பெரிய பங்கு. இராவணேசன்ல இராவணனா ஆடின மாணவர் தான் பிறகு பேராசிரியர் மௌனகுரு. ஆனா வித்தியானந்தன் ஐயாவுக்கும் ஆட்டம் சொல்லிக் குடுக்க அண்ணாவிமார், அதாவது கூத்துப் பழக்கிற ஆசான்மார், தேவைப்பட்டவை, அத மறக்கக் கூடாது.

அதனால கூப்பிடுறதெண்டா அண்ணாவியார கூப்பிடுங்கோ. மட்டக்களப்பில சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில கேட்டாலும் ஆக்கள சொல்லுவினம், எங்கட தம்பலகாமம், மூதூர்ப் பக்கம் விசாரிச்சாலும் பழைய ஆக்கள் இருப்பினம். கூப்பிட்டா அவர முன் வரிசையில இருத்துங்கோ. ஒருக்கா ஒரு இடத்தில எழுபது வயசு அண்ணாவியார கடைசி வரிசையில பிளாஸ்டிக் கதிரையில இருத்திப்போட்டு, கூத்தப் பற்றி பேச வந்தவர முன்னால சோபாவில இருத்தினம். அண்ணாவியார் ஒண்டும் சொல்லேல்ல, நான் தான் வீட்ட போய் அழுதன். வளவாளர் எண்டு பேராசிரியருக்கு என்ன கொடுப்பனவோ அதே தான் அண்ணாவியாருக்கும், மத்தளம் அடிக்கிறவருக்கும் சல்லரி (கைத்தாளம்) போடுறவருக்கும் தனித்தனியா, வாகனமும் நீங்க தான். பட்ஜெட் காணாட்டி சாப்பாட்டுப் பார்சல குறையுங்கோ, இதில கை வைக்காதேங்கோ.

கேள்வி (சிங்கள நண்பர்கள் உள்ள ஒரு தம்பி): எங்கட பட்ச்ல சிங்களப் பிள்ளையள் கனக்க. தமிழ் நிகழ்ச்சி எண்டா அவை வாறதே இல்ல.

வந்தா ஒண்டும் விளங்காது எண்டா ஏன் வரோணும் தம்பி. ஒவ்வொரு வசனமா நிப்பாட்டி மொழிபெயர்க்காதேங்கோ, நேரம் ரெண்டு மடங்கு போகும், பேச்சும் செத்துப் போகும். பேச்சு தமிழ்ல, ஸ்லைட் சிங்களத்திலயும் இங்கிலிஷ்லயும், கதவடியில மூண்டு மொழியில ஒரு பக்கத் தாள். இத மூண்டு தரம் செய்து பார்த்தன், நல்லா வந்தது. கேள்விய அவை சிங்களத்திலயே கேக்கட்டும், ரெண்டு மொழியும் தெரிஞ்ச ஒரு பிள்ளை மைக் பக்கத்தில நிண்டாக் காணும். மூண்டு மொழியும் ஒரு மீன் சந்தைக்குள்ள கேக்கிற ஊர் இது, ஒரு ஹோலுக்குள்ள ஏலாதா?

கேள்வி (மூண்டாம் வருசம்): ஆய்வரங்குக்கு அப்ஸ்ட்ராக்ட் (ஆய்வுச் சுருக்கம்) அனுப்பினன், ரிஜெக்ட். தலைப்பு "ஈழத்துச் சிறுகதைகளில் சமூகம்".

தலைப்ப பார்த்தவுடனேயே எனக்கு விளங்கிட்டு. அது ஒரு ஆயுசுக்கு உள்ள வேலை, 250 சொல்லுக்குள்ள எப்பிடி அடங்கும். மூதூர் வ.அ. இராசரத்தினத்தின்ர "தோணி" இருக்கெல்லோ, அதமாதிரி அவற்ற ரெண்டு மூண்டு கதைய மட்டும் எடுத்து, கடல் தொழில் சொல்லுகள் எப்பிடி வருது எண்டு பாருங்கோ. அந்தச் சொல்லுகள இண்டைக்கு மூதூர்ல தொழில் செய்யிற ஆக்களிட்டயும் போய் கேளுங்கோ. என்ன கேள்வி, எந்தக் கதையள், எப்பிடிப் பார்த்தீங்க, என்ன கண்டீங்க, இந்த நாலும் அப்ஸ்ட்ராக்ட்ல இருக்கோணும். "கண்டறிவதே நோக்கம்" எண்டு முடிக்காதேங்கோ, கண்டத எழுதுங்கோ.

கேள்வி (ஒரு அம்மா, உப்புவெளி): மகள் பின்னேர நிகழ்ச்சியெண்டு நிலாவெளி றோட்டால இருட்டில வாறா. பயமா இருக்கம்மா.

அம்மா, நியாயமான பயம். நிகழ்ச்சி ஒழுங்கு செய்யிற பிள்ளையளுக்கு நான் சொல்லுறதும் இது தான், வார நாள்ல பின்னேரம் மூண்டுக்குத் தொடங்கி அஞ்சரைக்குள்ள முடியுங்கோ, இரவில கலைவிழா எண்டா டவுன் வரைக்கும் பஸ் ஒழுங்கு செய்யாம அறிவிக்கவே வேண்டாம். நீங்களும் ஒரு நாள் மகளோட வந்து இருந்து கேளுங்கோ, அம்மாமார் வந்தா ஹோலுக்கே ஒரு களை.

கேள்வி (தம்பலகாமம், ஓய்வு பெற்ற ஒரு ஐயா): பிள்ளை, எங்கட அப்பா கூத்தில ஏடு பார்த்தவர், பாட்ட வாசிச்சு ஆடுறவைக்கு எடுத்துக் குடுக்கிறவர். அவர் கையால எழுதின பாட்டுக் கொப்பி ரெண்டு என்னட்ட இருக்கு, ஓரம் பூச்சி அரிச்சிட்டுது. கெம்பஸுக்கு குடுத்தா பாதுகாப்பினமோ?

ஐயா, உங்கட கேள்விய வாசிச்சுப்போட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தன். இப்ப ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ. வெயில்ல காய வைக்காதேங்கோ, ஒட்டின தாள இழுத்துப் பிரிக்காதேங்கோ, செலோடேப் போட்டு ஒட்டாதேங்கோ. ஈரம் இல்லாத இடத்தில, பருத்தித் துணியில சுத்தி, படுக்கையா வைச்சிருங்கோ.

முதல் வேலை ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுக்கிறது, பகல் வெளிச்சத்தில, ஜன்னலுக்குப் பக்கத்தில, நேர மேல இருந்து. அது கைக்கு வந்தா ஒரு பிரதி உங்களுக்கு, ஒரு பிரதி கெம்பஸ் லைப்ரரிக்கு, நீங்க விரும்பினா ஒரு பிரதி நூலகம் வலைத்தளத்துக்கு, 2005ல இருந்து ஈழத்துப் புத்தகங்கள், பத்திரிகையள, கையெழுத்துப் பிரதியள இலவசமா வாசிக்க வைச்சிருக்கினம். அப்பாவின்ர பேர், ஊர், எந்தக் காலத்தில எழுதினது எண்டத முதல் பக்கத்தில போடச் சொல்லி எழுத்தில வாங்குங்கோ. மூலக் கொப்பிய எங்க வைக்கிறது எண்டத பிறகு ஆறுதலா யோசிக்கலாம், அது உங்கட முடிவு.

ஆனா கொப்பியில பாட்டு மட்டும் தான் இருக்கும், இராகம் உங்கட தொண்டையில இருக்கு ஐயா. சின்ன வயசில அப்பாவுக்குப் பக்கத்தில இருந்து கேட்டிருப்பீங்க தானே, ரெண்டு வரி ஞாபகம் இருந்தாலும் காணும். வாற சனிக்கிழமை உங்களுக்கு வசதியெண்டா ரெண்டு மாணவிகளையும் ஒரு ரெக்கோடரையும் கொண்டு நான் வீட்ட வாறன், காலமை ஒம்பதுக்கு முதல் வந்தா றோட்டுச் சத்தம் குறைவா இருக்கும், ஃபேன நிப்பாட்டி வைச்சாக் காணும்.