பழைய நாணயத்தில் இருப்பது அச்சுப் பிழையா, பிற்காலச் சேதமா?

ஓரத்தில் பிறை போலக் குறைந்த ஒரு பழைய நாணயம் கிடைத்திருக்கிறது, இது அச்சுப் பிழைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வெட்டுக்கு நேர் எதிரே உள்ள விளிம்பைப் பாருங்கள். உருவம் அடிக்கும் முன், வெற்றுத் தகடாக இருக்கும்போதே துண்டு குறைந்திருந்தால், விளிம்பை எழுப்பும் இயந்திரத்தில் எதிர்ப்பக்கத்துக்குப் போதிய அழுத்தம் கிடைக்காது; அங்கே விளிம்பு மங்கியோ மறைந்தோ போகும். இதற்குப் பிளேக்ஸ்லி விளைவு என்று பெயர். எல்லாப் பிழை நாணயங்களிலும் இது தெரியும் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான். பிற்பாடு அரத்தால் ராவியிருந்தால் எதிர் விளிம்பு முழுமையாக நிற்கும். வெட்டிய இடத்தில் அரத்தின் கீறல்கள் லென்சில் பளிச்சென்று தெரியும்.

கோடு இருந்தால் மேடா பள்ளமா என்று பாருங்கள். நாணயத்தை அடிக்கும் அச்சில் விரிசல் விழுந்தால் உலோகம் அதற்குள் ஏறி, நாணயத்தில் மேடான கோடாகும். கீறல் பள்ளமாக இருக்கும். ஒதுங்கிய உலோகம் அதன் ஓரத்தில் வரப்பு கட்டி நிற்கும்.

இரட்டை எழுத்துக்கு 1955 அமெரிக்க ஒரு சென்ட் நாணயங்களில் சில அருமையான பாடம். அச்சிலேயே எழுத்து இரண்டு முறை பதிந்திருந்ததால் இரண்டு எழுத்துகளும் புடைத்து நிற்கின்றன. இரண்டாவது எழுத்து தட்டையான படி போலத் தெரிந்தால், அது அடிக்கும்போது அச்சு அசைந்த தடம் மட்டுமே.

தயவுசெய்து நாணயத்தைத் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள், தடயங்கள் அழிந்துவிடும்.