'சேம்பர்' என்றால் அறைதானா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சட்ட வரலாறு பற்றிய ஆங்கில நூல் ஒன்றை மொழிபெயர்த்துவருகிறேன். அதில் 'சேம்பர்' என்ற சொல் பல இடங்களில் வருகிறது. எல்லா இடத்திலும் 'அறை' என்றே எழுதினேன். நீதிபதியின் அறை என்பது உறுத்தவில்லை. ஆனால் நாடாளுமன்றத்தின் 'மேலறை' என்று எழுதியதைப் படித்தபோது மாடியிலுள்ள அறையைச் சொல்வதுபோல் இருந்தது. 'இன் கேமரா' விசாரணை என்று வந்த இடத்தில் 'கேமரா முன்னிலையில் விசாரணை' என்று எழுதிவிட்டு, ஐயம் தோன்றியதால் மேலே செல்லாமல் நிறுத்தியிருக்கிறேன். எங்கும் பொருந்தக்கூடிய ஒரே தமிழ்ச்சொல் இதற்கு உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அப்படி ஒரு சொல் இல்லை. ஐயம் தோன்றிய இடத்தில் நிறுத்தியது நல்லதாயிற்று. 'கேமரா முன்னிலையில்' என்பது மூலத்தின் பொருளை நேர் எதிராகத் திருப்பிவிட்டிருக்கும்.

கிரேக்கத்தில் 'கமரா' என்பது வளைந்த கூரையுடைய கட்டடத்தைக் குறித்தது. இலத்தீனுக்குச் சென்று 'கேமரா' என்ற வடிவில் வளைகூரை கொண்ட அறையாகி, பின்னர் கூரை எப்படியிருந்தாலும் அறை என்றாகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'சேம்பர்' ஆயிற்று. அதே சொல்லைப் போர்த்துக்கீசியர் கொண்டுவந்ததால்தான் இந்தியில் 'கம்ரா' என்றும் சிங்களத்தில் 'காமரய' என்றும் அறைக்குப் பெயர் உண்டானது. ஒரே அறையில் தங்குபவரைக் குறித்த ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்ததுதான் 'காம்ரேட்'. நாம் அதைத் தோழர் என்கிறோம். அறை மறைந்துவிட்டது, அதனால் இழப்பு ஒன்றுமில்லை.

கேமராவின் கதை வேறு. இருட்டாக்கிய அறையின் சுவரில் சிறு துளை இருந்தால் வெளிக்காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். 1604இல் வெளியான தன் ஒளியியல் நூலில் கெப்ளர் இதை 'கேமரா அப்ஸ்குரா', அதாவது இருட்டறை என்று குறிப்பிட்டார். அறை பின்னர் தூக்கிச் செல்லக்கூடிய பெட்டியாகச் சுருங்கியது. 19ஆம் நூற்றாண்டில் அப்பெட்டி ஒளிப்படக் கருவியாக மாறியபோது பெயரிலிருந்த இருட்டு உதிர்ந்து, அறை மட்டும் கருவியின் பெயராக நின்றுவிட்டது. சட்ட மொழியோ இந்தக் கருவியை அறியாது. அங்கே 'இன் கேமரா' என்பது இன்றும் பழைய இலத்தீன்தான்: அறைக்குள். பார்வையாளர்களையும் செய்தியாளர்களையும் வெளியே நிறுத்திவிட்டு நடத்தும் விசாரணை என்று பொருள்.

ஆனால் 'அறைக்குள் விசாரணை' என்று எழுதினாலும் போதாது. வழக்கமான நீதிமன்றக் கூடத்திலேயே பொதுமக்களை வெளியேற்றிவிட்டு இவ்விசாரணையை நடத்தலாம் என்பதால், எந்த அறை என்பது இங்கே பொருட்டில்லை. யார் வெளியே நிற்கிறார்கள் என்பதுதான் பொருட்டு. செய்தித்தாள்கள் எழுதும் 'ரகசிய விசாரணை' எனக்கு உவப்பானதல்ல. குற்றம் சாட்டப்பட்டவரும் அவருடைய வழக்கறிஞரும் உடனிருக்க, இன்ன வழக்கு நடக்கிறது என்று ஊருக்கே தெரிந்திருக்க, அதை எப்படி ரகசியம் என்பது? 'மூடிய நீதிமன்ற விசாரணை' என்று எழுதுங்கள். முதலில் வரும் இடத்தில் மட்டும் 'பொதுமக்களை விலக்கி நடத்தும்' என்று சேர்த்துக்கொண்டால் குழப்பம் இராது.

நாடாளுமன்றத்தில் இச்சொல் கூடத்தைக் கடந்து கூடத்தில் கூடியிருப்பவர்களின் பெயராகிவிட்டது. இதற்குத் தமிழில் அலைய வேண்டியதில்லை. 'அவை' என்ற நம் சொல்லும் கூடியிருப்போர், கூடும் இடம் ஆகிய இரண்டையும் குறிப்பதே. ஆகவே மேலவை, கீழவை, ஈரவை நாடாளுமன்றம் என்று தடையின்றிச் செல்லலாம். நீங்கள் எழுதிய 'மேலறை' வீணாகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்: இதயத்தின் நான்கு அறைகளில் மேலே இருக்கும் இரண்டுக்கு அது பொருத்தமான பெயர். வணிகர்களின் 'சேம்பர்' இன்னும் விலகிப் போனது. பிரான்சின் மார்செய் நகரத்தில் 1599இல் தோன்றிய அமைப்பிலிருந்தே அது வணிகர் கூட்டத்தின் பெயர்தான், ஆகவே வர்த்தக சபை.

அறிவியல் நூல்களில் சுவர் யாரையும் விலக்குவதற்காக இல்லை, உள்ளே இருப்பதைத் தாங்குவதற்காக இருக்கிறது. மின்னூட்டத் துகள்களின் தடத்தைக் கண்ணுக்குக் காட்டிய வில்சனின் மேக அறை 1927இலும், கிளேசரின் குமிழி அறை 1960இலும் அவர்களுக்கு நோபல் பரிசைப் பெற்றுத்தந்தன. இரண்டும் உண்மையில் கலங்கள். 'குமிழிக் கலம்' என்று எழுதியிருந்தால் மாணவர்கள் கதவையும் சன்னலையும் கற்பனை செய்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

உங்கள் நூல் சட்ட வரலாறு என்பதால் இன்னும் இரண்டு இடங்களில் கவனம் தேவைப்படலாம். இங்கிலாந்தில் 1641இல் ஒழிக்கப்பட்ட 'ஸ்டார் சேம்பர்' ஒரு நீதிமன்றத்தின் பெயர். அதை 'விண்மீன் அறை' என்று பெயர்த்தால் வாசகர் வானியலுக்குப் போய்விடுவார். பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, முறையற்ற விசாரணைக்கு அது மறுபெயராகிப்போனதை ஒரு வரியில் சொன்னால் போதும். மற்றொன்று, பன்மையில் வரும் 'சேம்பர்ஸ்'. நீதிபதியைச் சொல்லும்போது அது அவருடைய அலுவல் அறை, ஒன்றே ஒன்றுதான். இங்கிலாந்தின் வழக்கறிஞர்களைச் சொல்லும்போதோ, பலர் தனித்தனியே தொழில் செய்துகொண்டு பங்கிட்டுக்கொள்ளும் பொது அலுவலகம். இரண்டு இடத்திலும் ஆங்கிலப் பன்மையைத் தமிழுக்குக் கொண்டுவராதீர்கள்.