கேஜ் காட்டும் எண் சென்சார் உட்காரும் இடத்தைப் பொறுத்தது

கேள்வி: என்னுடையது 2015 மாடல் கிளாசிக் 350, கார்புரேட்டர் வண்டி. நாமக்கல்லில் இருந்து அடிக்கடி கொல்லிமலை ஏறுகிறேன். பாதி மலையிலேயே என்ஜின் அனல் தாங்க முடியவில்லை. ஆயில் கூலர் போடச் சொல்கிறார் மெக்கானிக். அதற்கு முன் ஆயில் சூட்டை அளக்க ஒரு சென்சார் மாட்டலாமா? எங்கே, எப்படி மாட்டுவது?

தாராளமாக மாட்டுங்கள். கூலருக்குப் பணம் போடும் முன் அளந்து பார்க்க நினைத்தது மிகச் சரி. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் தாழ்ந்த கியர்களில் ஏறும்போது என்ஜினுக்குப் பாரம் அதிகம், ஃபின்களில் (என்ஜினைச் சுற்றியுள்ள தகடு மடிப்புகளில்) படும் காற்றோ குறைவு. காற்றால் குளிரும் என்ஜின் அங்கே சூடாகத்தான் செய்யும். அந்தச் சூடு இயல்பானதா, கோளாறா என்பதைத் தொடையில் அடிக்கும் அனலை வைத்துச் சொல்லிவிட முடியாது.

முதலில் இடம். ஸ்பார்க் பிளக்குக்கு அடியில் வாஷர் போல மாட்டும் மீட்டர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அவை அளப்பது சிலிண்டர் ஹெட்டின் சூட்டை. அது ஆயிலைவிட மிக அதிகமாக, சட்டென்று ஏறி இறங்கும். அந்த எண்ணை ஆயில் சூடு என்று நினைத்தால் வீணாகப் பயந்து போவீர்கள். ஆயில் ஊற்றும் மூடிக்குப் பதிலாகப் போடும் டயல் வகைக்கு வயர் வேலை கிடையாது. ஆனால் அதன் முனை ஆயிலில் முங்காவிட்டால் உள்ளே தெறிக்கும் துளிகளையும் ஆவியையும்தான் அளக்கும். உங்கள் தேவைக்கு என் பரிந்துரை, டிரெய்ன் போல்ட் (பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் அடிப் போல்ட்) இருக்கும் இடம். என்ஜின் அடியிலுள்ள சம்ப்பில் சேரும் மொத்த ஆயிலின் சூடும் அங்கேதான் ஒழுங்காகத் தெரியும்.

அடுத்த ஆயில் மாற்றத்தின்போது போல்ட்டைக் கழற்றி வெர்னியரில் விட்டத்தையும், பிட்ச் கேஜில் மரை இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள். அதே மரையில் சென்சார் கிடைத்தால் (12 மி.மீ., 14 மி.மீ. விட்டத்தில் 1.5 இடைவெளி கொண்டவை சந்தையில் உண்டு) அதையே போல்ட்டுக்குப் பதிலாக மாட்டிவிடலாம். கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் போல்ட்டைத் துளைத்து, உள்ளே டேப் அடித்து (மரை வெட்டி), சிறிய சென்சாரைப் பொருத்துவார்கள். இங்கேதான் கவனம் வேண்டும். பரவலாகக் கிடைக்கும் 1/8 என்.பி.டி. (அமெரிக்கக் குழாய் மரை வகை) சென்சாரின் மரை சுமார் 10 மி.மீ. விட்டம். அதை 14 மி.மீ. போல்ட்டுக்குள் இறக்கினால், போல்ட்டின் வெளிமரை ஆழம் போக, சுற்றிலும் மிஞ்சும் உலோகம் 1 மி.மீ. அளவுதான். ஓடும் வழியில் அந்தப் போல்ட் விரிசல் விட்டால் மொத்த ஆயிலும் பின் டயருக்கு முன்னால் கொட்டும். 18 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட போல்ட் என்றால் மட்டும் துளைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 1/8 என்.பி.டி. மரையும் 10 மி.மீ., 1.0 இடைவெளி மரையும் கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் முன்னது முனை நோக்கிச் சரியும் மரை. இடைவெளியும் கொஞ்சம் குறைவு, சுமார் 0.94 மி.மீ. தவறான துளையில் இரண்டு சுற்று சுகமாகப் போய்ப் பிறகு இறுகும். அப்போது ஸ்பேனரை எடுத்துவிடாதீர்கள். அலுமினிய கிராங்க் கேஸில் மரை போனால் சரிசெய்யும் செலவு சென்சார் விலையை எங்கேயோ தாண்டிவிடும். சரியான சென்சார் மூன்று நான்கு சுற்று வெறும் விரலிலேயே போகும். அதன் பிறகுதான் ஸ்பேனர், அதுவும் அளவாக. பித்தளை உடல் இரும்பு போல்ட் அளவுக்கு இறுக்கம் தாங்காது. செம்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள்.

சென்சாரின் முனை உள்ளே எவ்வளவு நீள்கிறது என்பதையும் பாருங்கள். ஒரு கம்பியைத் துளைக்குள் விட்டு, ஃபில்டர் வலையோ வேறு பாகமோ எவ்வளவு ஆழத்தில் தட்டுகிறது என்று அளந்து, முனை அதற்குக் குறைவாக இருந்தால் மட்டும் மாட்டுங்கள். வெளியே நீளும் தலையும் முக்கியம். நம் ஊர் வேகத்தடைகளில் முதலில் அடிபடுவது அதுதான். என்ஜினுக்கு அடியில் ஒரு பாஷ் பிளேட் (அடிபடாமல் காக்கும் தகடு) போட்டுவிடுவது நல்லது.

சென்சாரும் கேஜும் ஒரே செட்டாக வாங்குங்கள். சூடு ஏற ஏற சென்சாரின் மின்தடை குறையும். எந்தச் சூட்டில் எத்தனை ஓம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வண்டியில் மாட்டும் முன், கொதிக்கும் தண்ணீரில் முனையை மட்டும் முக்கி, உடலை எர்த் செய்து, கேஜ் 100 டிகிரியை ஒட்டிக் காட்டுகிறதா என்று பாருங்கள். (ஊட்டியில் இருப்பவர்கள் 92, 93 என்று எதிர்பார்க்க வேண்டும். அந்த உயரத்தில் தண்ணீர் அதிலேயே கொதித்துவிடும்.)

கேஜுக்கான மின்சாரத்தை இக்னிஷன் சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் வயரில் இருந்து, சிறிய ஃபியூஸ் வழியாக எடுங்கள். ஒற்றை வயர் சென்சாருக்கு அதன் உடல்தான் எர்த். மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினால் எர்த் கெட்டு, எண் குறைவாகக் காட்டும். வயரைச் சைலன்சர் பெண்ட் பைப்பில் இருந்து விலக்கி, வெப்ப உறை போட்டுக் கொண்டுபோங்கள். எஃப்.ஐ. வண்டி (கார்புரேட்டருக்குப் பதிலாக ஃபியூல் இன்ஜெக்ஷன் உள்ளது) வைத்திருப்பவர்கள், என்ஜினை இயக்கும் கணினிப் பெட்டியான ஈ.சி.யு.வுக்குப் போகும் சென்சார் வயரில் கேஜை ஒட்டவே கூடாது. ஈ.சி.யு. சூட்டைத் தவறாகப் படித்துப் பெட்ரோல் அளவையே மாற்றிவிடும்.

இனி எண்கள். சமவெளியில் சீரான ஓட்டத்தில் 90 முதல் 115 டிகிரி வரை இருந்தால் நிம்மதி. மலையில் 120, 125 வருவது இயல்பு. 130-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் நிழலில் வண்டியை நிறுத்தி ஆறவிடுங்கள். என்ஜின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆயில் சூடு மெதுவாகத்தான் நகரும். முள் ஒரே நொடியில் உச்சிக்குப் போனால் அது சூடல்ல, சென்சார் வயர் எங்கோ உரசி எர்த் ஆகியிருக்கிறது. அரை மணி ஓடியும் முள் அடியிலேயே கிடந்தால் வயர் அறுந்திருக்கலாம்.

மலையில் 130-க்குள் நிற்கிறதென்றால் கூலர் தேவையில்லை. 15டபிள்யூ-50 ஆயிலைக் காலத்தில் மாற்றினால் போதும். அதற்கு மேல் போனாலும் கூலர் கடைசி யோசனைதான். ஆயில் மட்டம், ஃபின்களில் அடைத்த சேறு, பெட்ரோல் குறைவாகப் போகும் கார்புரேட்டர், உரசும் பிரேக், வழுக்கும் கிளட்ச் என எல்லாவற்றையும் முதலில் பாருங்கள். இவற்றில் ஒன்றைச் சரிசெய்தாலே பெரும்பாலும் சூடு இறங்கிவிடும்.

மாட்டி முடித்த முதல் ஓட்டத்துக்குப் பின் அடியில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, சொட்டுகிறதா என்று பாருங்கள். டிரெய்ன் போல்ட் இருந்த இடத்தில் இப்போது சென்சார் இருப்பதை உங்கள் மெக்கானிக்கிடம் சொல்லிவையுங்கள். ஆயில் மாற்றும்போது வயரை முதலில் கழற்றிவிட்டுத்தான் அதைத் திருக வேண்டும்.