நானே போட்டுக்கறேன்!

ஓய்வு பெற்ற மழலைப் பள்ளி ஆசிரியை ‘டீச்சர்’ பதில் சொல்கிறார்

கே: டீச்சர், என் மகளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. காலையில் கிளம்பும் நேரத்தில்தான் அவளுக்கு எல்லா அடமும் வரும். ஷூவை நான் தொடக்கூடாது, “நானே போட்டுக்கறேன்” என்பாள். போடவும் தெரியாது. உதவி செய்தால் கழற்றி வீசிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். கடைசியில் கத்திவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடுவதே வழக்கமாகிவிட்டது. பிடிவாதத்தை இப்போதே அடக்காவிட்டால் பின்னால் கையை மீறிப் போய்விடும் என்கிறார் என் கணவர்.
— பெயர் வேண்டாம், வாசகி

ப: இந்த வயதில் “நானே” என்று சொல்கிற பிள்ளை சரியாகத்தான் வளர்கிறது என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். உளவியலாளர் எரிக் எரிக்சன், ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரையிலான காலத்தின் முக்கிய வேலையே இதுதான் என்றார். தன் உடம்பும் தன் செயலும் தன் கையில் இருக்கின்றன என்று பிள்ளை நிச்சயப்படுத்திக்கொள்கிற காலம் அது. அடக்க வேண்டியது எதுவும் இதில் இல்லை. உங்களுக்கு நேரமாகிறது என்பதுதான் பிரச்சினை. அது உங்கள் பிரச்சினை, அவளுடையது இல்லை.

ஒருநாள், விடுமுறையாகப் பார்த்து, அவள் ஷூ போடுவதைக் கை வைக்காமல் கவனியுங்கள். வகுப்பறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நான் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். வலது ஷூவை எடுத்து இடது காலில் நுழைப்பார்கள். ஷூவின் நாக்கு உள்ளே மடிந்துகொள்ளும், விரல்கள் அதில் முட்டி நிற்கும். அழுத்தினால் குதிகால் பக்கம் மடங்கி மிதிபடும். இழுப்பதற்கு ஒரு கை போதாது. இரண்டு கையாலும் இழுத்தால் உட்கார்ந்த இடத்திலேயே பின்னால் சாய்ந்துவிடுவார்கள். எழுந்து மறுபடி குனிவார்கள். இவ்வளவு பாடுபட்டு முக்கால்வாசி கால் உள்ளே போன நேரத்தில் மேலிருந்து ஒரு பெரிய கை வந்து, ‘விடு விடு’ என்று ஒரே இழுப்பில் போட்டுவிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? கழற்றி வீசுவதில் நியாயம் இருக்கிறது.

முதலில் ஷூவை மாற்றுங்கள். கயிறு கட்டுவதற்கு அஞ்சாறு வயதாக வேண்டும். இப்போதைக்கு வெல்க்ரோ போதும். வாய் அகலமாக, குதிகால் பக்கம் பிடித்து இழுக்க ஒரு வளையம் வைத்ததாக வாங்குங்கள். ஒரு ஸ்டிக்கரை நடுவில் வெட்டி, பாதிப் பாதியாக இரண்டு ஷூவின் உள்பக்கமும் ஒட்டிவிடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் முழுதாகத் தெரிந்தால் இடது, வலது சரியாக இருக்கிறது என்று அவளுக்கே புரிந்துவிடும்.

அப்புறம், கடைசிப் படியிலிருந்து கற்றுக்கொடுங்கள். எல்லாவற்றையும் நீங்கள் செய்து, வெல்க்ரோவை ஒட்டுவதை மட்டும் அவளிடம் விடுங்கள். அது கைவந்ததும் குதிகாலை இழுப்பதையும் விடுங்கள். அப்படியே பின்னாலிருந்து முன்னால் போகலாம். முடித்தது தான்தான் என்ற திருப்தி ஒவ்வொரு முறையும் அவளுக்குக் கிடைக்கும். சிறப்புக் குழந்தைகளோடு வேலை செய்கிற பயிற்சியாளர்கள் காலம்காலமாகச் செய்கிற முறை இது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

“அஞ்சு நிமிஷத்துல கிளம்பணும்” என்று சொல்லிப் பயனில்லை. மூன்று வயதுக்கு நிமிடம் என்று ஒன்று கிடையாது. கடிகாரம் புரிய ஆறேழு வயதாகும். அவர்களுக்குப் புரிவது வரிசை. பல் தேய்த்தபின் உடுப்பு, உடுப்புக்குப் பின் ஷூ, ஷூவுக்குப் பின் கதவு. தினமும் இதே வரிசையில் நடந்தால் பாதி சண்டை குறையும். உடுப்பு, பை, தண்ணீர் பாட்டிலை முந்தின இரவே எடுத்து வைத்துவிட்டால் காலையில் அந்த ஷூவுக்குக் கொஞ்சம் நேரம் மிச்சமாகும்.

நிஜமாகவே நேரமில்லாத நாளும் வரும். அன்றைக்கு “இன்னைக்கு அம்மா போட்டுவிடறேன், உனக்குக் கோபமா இருக்கும்னு தெரியும்” என்று சொல்லிவிட்டுப் போட்டுத் தூக்கிக்கொண்டு போங்கள். அழுவாள். அழட்டும். போகிற வழியெல்லாம் அறிவுரை மட்டும் வேண்டாம்.

கே: நான்கு வயது மகன் சர்வசாதாரணமாகப் பொய் சொல்கிறான். கையெல்லாம் கிரேயான் சாயம், சுவரெல்லாம் கிறுக்கல். “நீயா செஞ்சே?” என்றால் “இல்லை” என்கிறான், அதுவும் கண்ணைப் பார்த்து. வீட்டில் யாருக்கும் பொய் சொல்லும் பழக்கம் கிடையாது.
— ஒரு தந்தை

ப: கடைசி வரியை நான் நம்பியதாக வைத்துக்கொள்வோம்.

பொய் சொல்வதற்கு ஒரு திறமை வேண்டும் ஐயா. ‘எனக்குத் தெரிந்தது அப்பாவுக்குத் தெரியாமல் இருக்கலாம்’ என்று புரிந்தால்தான் பொய்யே சொல்ல முடியும். 1983-இல் ஹைன்ஸ் விம்மர், யோசஃப் பெர்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாத நேரத்தில் அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வந்து எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் புதிய இடத்தைத்தான் காட்டினார்கள். தங்களுக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்று நினைத்தார்கள். நான்கு வயதுக்கு மேல்தான் மெல்ல மெல்லச் சரியான பதில் வந்தது. உங்கள் மகன் அந்தப் படியில் இப்போதுதான் கால் வைத்திருக்கிறான். கையில் சாயம் இருப்பது காட்டிக்கொடுக்கும் என்கிற அளவுக்கு இன்னும் போகவில்லை, அவ்வளவுதான்.

சாயத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு ஏன் கேட்கிறீர்கள்? பதில் தெரிந்த கேள்வியைக் கேட்பது பிள்ளையைப் பொய்க்குள் தள்ளிவிடுவது. “சுவத்துல கிறுக்கியிருக்கே. வா, துணி எடுத்துட்டு வந்து துடைக்கலாம்” என்று ஆரம்பியுங்கள். பொய்க்கு இடமே இருக்காது. உண்மையைச் சொன்ன நாளில் தண்டனை கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உண்மை சொன்னால் அடி, பொய் சொன்னால் தப்பிக்கலாம் என்றிருந்தால் பெரியவர்கள் நாமும் இரண்டாவதைத்தான் எடுப்போம்.

கே: “ஏன்? ஏன்? ஏன்?” நாள் முழுக்க இதே. காது வலிக்கிறது டீச்சர்.
— பொறுமை இழந்த பாட்டி

ப: “நீ என்ன நினைக்கிறே?” என்று திருப்பிக் கேளுங்கள் அம்மா. வருகிற பதிலில் வலி கொஞ்சம் மறந்துபோகும்.

கே: ஒன்றே முக்கால் வயது மகள் கைப்பேசி இல்லாமல் வாயே திறப்பதில்லை. முதல் வருடம் நன்றாகச் சாப்பிட்டவள் இப்போது நான்கு வாயோடு தலையைத் திருப்பிக்கொள்கிறாள். எடை ஏறவில்லை என்று பயம். வீடியோ போட்டால் கிண்ணம் காலியாகிறது. தப்பு என்று தெரிகிறது, வேறு வழி தெரியவில்லை.
— ஒரு தாய்

ப: பயத்திலிருந்து தொடங்குவோம், கைப்பேசி அதற்குப் பின்னால் வந்ததுதான். பிறந்தபோது இருந்த எடை ஒரு வயதுக்குள் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. இரண்டாவது வருடத்திலோ மொத்தமாகவே 2 முதல் 2.5 கிலோதான் ஏறும். வளர்ச்சியின் வேகம் குறைகிறது, பசியும் அதற்கேற்பக் குறைகிறது. போன வருடம் சாப்பிட்ட அளவை இந்த வருடமும் எதிர்பார்க்கிறோம், அங்கேதான் போராட்டம் ஆரம்பிக்கிறது. தடுப்பூசி அட்டையில் இருக்கும் வளர்ச்சி வரைபடத்தை மருத்துவரிடம் காட்டுங்கள். கோடு அதன் பாதையிலேயே போனால் கிண்ணத்தை மறந்துவிடலாம். கீழே இறங்கினால் மருத்துவர் பார்த்துக்கொள்வார். எப்படியானாலும் வீடியோ அதற்கு மருந்தில்லை.

படத்தில் கண் இருக்கும்போது வயிறு நிறைந்தது தெரியாது. வாய் தானாகத் திறக்கும். கிண்ணம் காலியாவது அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறது. இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் நல்லது என்கிறது. வெளியூரில் இருக்கும் தாத்தாவோடு வீடியோவில் பேசுவதை நான் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அது மனிதர்களோடு பேசுவது.

எலின் சாட்டர் என்ற உணவியல் நிபுணர் ஒரு எல்லை போட்டுக் கொடுத்திருக்கிறார். என்ன கொடுப்பது, எப்போது, எங்கே என்பது பெரியவர் முடிவு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் முடிவு. இரண்டாவதில் நாம் தலையிடக் கூடாது. கேட்க எளிது, செய்யத்தான் தொண்டை அடைக்கும். தட்டில் கொஞ்சமாக வையுங்கள், கையால் எடுக்க விடுங்கள், நீங்களும் உடன் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அரை மணியில் தட்டை எடுத்துவிடுங்கள், முகம் சுளிக்காமல். நடுவில் கொறிக்க எதுவும் கொடுக்காமல் இருந்தால் அடுத்த வேளைக்குப் பசி வரும். புதிய பண்டத்தை ஒரு பிள்ளை ஏற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து முறைகூடப் பார்க்க வேண்டியிருக்கும். இரண்டு முறை துப்பியதும் ‘இவளுக்குப் பிடிக்காது’ என்று முத்திரை குத்திவிடாதீர்கள்.

கைப்பேசியை நிறுத்தும் முதல் சில நாட்கள் ரகளையாக இருக்கும். வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். நீங்கள் எடுத்து வைத்ததை இன்னொருவர் நைசாக நீட்டினால் அதற்கு ஆரம்பிக்காமலே இருக்கலாம்.

கே: தம்பி பிறந்ததிலிருந்து மூன்றரை வயது மூத்தவள் பால்புட்டி கேட்கிறாள். மறுபடி உடுப்பை நனைக்கிறாள். “நீ பெரிய பொண்ணு இல்லையா?” என்றால் அழுகை.
— ஒரு தாய்

ப: பெரிய பெண்ணாக இருப்பதில் அவளுக்கு இப்போது என்ன லாபம்? மடி பறிபோனதுதான் மிச்சம். புட்டி கேட்டால் கொடுங்கள். சலித்துப்போய் அவளே வைத்துவிடுவாள். தினமும் கொஞ்ச நேரம், தம்பியை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு, அவளோடு மட்டும் இருங்கள். நனைத்தால் திட்டாமல் மாற்றிவிடுங்கள். சிறுநீர் போகும்போது எரிகிறது என்றாலோ, வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள், அது வேறு விஷயம்.

கே: ஐந்து வயது மகன் தூங்கி ஒன்றரை மணி நேரத்தில் அலறிக்கொண்டு எழுந்து உட்காருகிறான். கண் திறந்திருக்கிறது, ஆனால் என்னை அடையாளம் தெரியவில்லை. கட்டிப்பிடித்தால் தள்ளுகிறான். பத்து நிமிடத்தில் தானாகப் படுத்துவிடுகிறான். காலையில் கேட்டால் ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
— கலங்கிப்போன தாய்

ப: நீங்கள் எழுதியிருப்பது அச்சு அசல் இரவு மிரட்சி. கெட்ட கனவு இல்லை. கெட்ட கனவு இரவின் பின்பாதியில் வரும். பிள்ளை முழுதாக விழித்து, பயந்து, நம்மைத் தேடி வரும், கனவையும் சொல்லும். மிரட்சி முன்னிரவில், ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பாதி மட்டும் விழிப்பதால் வருகிறது. பயப்படுவது நீங்கள்தான், அவன் தூங்கிக்கொண்டிருக்கிறான்.

எழுப்பாதீர்கள், உலுக்காதீர்கள். கட்டிலிலிருந்து விழாமல், எதிலும் மோதிக்கொள்ளாமல் பக்கத்தில் இருங்கள். காலையில் அதைப் பற்றித் துருவித் துருவிக் கேட்க வேண்டாம். தூக்கக் குறைவும் காய்ச்சலும் இதைத் தூண்டும், அதனால் படுக்கும் நேரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளிப் பாருங்கள். தினமும் ஒரே நேரத்தில் வந்தால், அதற்குக் கால் மணி முன்னால் லேசாக எழுப்பித் திரும்பத் தூங்கவைப்பது சிலருக்குப் பலன் தருகிறது. குடும்பத்தில் தூக்கத்தில் நடப்பவர் யாராவது உண்டா என்று விசாரியுங்கள், இது பரம்பரையாகவும் வரும். பெரும்பாலும் வளர வளரப் போய்விடும். கை கால் வெட்டி இழுத்தாலோ, குறட்டையும் மூச்சுத் திணறலும் இருந்தாலோ, பகலிலும் சோர்ந்து கிடந்தாலோ மருத்துவரிடம் போங்கள். போகும்போது கைப்பேசியில் எடுத்த ஒரு வீடியோ இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

கே: மூன்று வயது மகன் திடீரென்று “நா... நா... நான்” என்று திக்குகிறான். “மெதுவா, யோசிச்சுப் பேசு” என்று சொல்லிச் சொல்லிப் பார்க்கிறோம்.
— தம்பதி

ப: அப்படிச் சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். சொற்கள் வேகமாகப் பெருகும் வயதில் பல பிள்ளைகளுக்கு இப்படி வந்து, பெரும்பாலும் தானாகவே போய்விடும். நடுவில் நீங்கள் முடித்துக் கொடுக்காமல், அவன் முகத்தைப் பார்த்துக் கடைசிவரை கேளுங்கள். அவனை மெதுவாகப் பேசச் சொல்வதற்குப் பதில் நீங்கள் மெதுவாகப் பேசுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, பேசும்போது முகம் இறுகினாலோ, பேசவே தயங்கினாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது திக்குவாய் இருந்தாலோ காத்திருக்காமல் பேச்சுப் பயிற்சியாளரிடம் கூட்டிப்போங்கள். போகிற வழியில் எதற்குப் போகிறோம் என்று கேட்பான். “பேசி விளையாட” என்று சொன்னால் போதும், அங்கே அதுதான் நடக்கும்.