கதவைச் சாத்திக்கொண்டு பின்னுவது எதற்கு?

கேள்வி: என் வயது 47. தக்கலைக்குப் பக்கத்தில் வீடு. கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார், மகன் நாகர்கோவிலில் இன்ஜினீயரிங் படிக்கிறான். ஸ்வெட்டர் பின்னுவதுதான் எனக்கு உயிர். காலை வேலை முடிந்து ஊசியைக் கையில் எடுத்தால் மதியச் சோறு வரைக்கும் பின்னுவேன். ராத்திரி சீரியல் பார்ப்பதில்லை, போனில் பின்னல் வீடியோதான். ரேவல்ரி என்ற பின்னல் வலைத்தளத்தில் இலவச டிசைன் தேடி எடுப்பேன். லூதியானா நூலை ஆன்லைனில் வரவழைப்பேன். குழந்தை ஸ்வெட்டர், தொப்பி, சாக்ஸ் என்று பீரோவில் ஒரு தட்டு நிறைய அடுக்கி வைத்திருக்கிறேன். ஆனால் வீட்டில் ஒருவருக்கும் இதன் அருமை தெரியவில்லை. "வேர்த்துக் கொட்டுற ஊருல யாருக்கு ஸ்வெட்டர்?" என்று கணவர் கேட்கிறார். மகன் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. மாமியார் அந்தக் காலத்தில் லேஸ் போட்டவர். நான் பின்னும்போது பக்கத்தில் வந்து தடவிப் பார்த்து ஏதாவது குறை சொல்வார் என்பதால் அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். போன வாரம்கூடக் கழுத்துப் பட்டியை விரலால் இழுத்துப் பார்த்து, "முடிக்கிற இடத்துல நூலை இறுக்குற மக்களே" என்றார். அவருக்குக் கண்ணில் புரை, சரியாகத் தெரியாது (ஆபரேஷனை இவர் லீவில் வந்ததும் செய்யலாம் என்று வைத்திருக்கிறோம்). இன்னொரு சிக்கல், நான் பின்னும் எல்லா ஸ்வெட்டரிலும் கழுத்து சின்னதாகி, குழந்தையின் தலை நுழைய மாட்டேன் என்கிறது. எத்தனையோ வீடியோ பார்த்தும் காரணம் பிடிபடவில்லை. ஒரே நிறம் என்று வாங்கும் நூலும் இரண்டு சாயலில் வருகிறது. என் கைவேலையை வீட்டில் மதிக்க வைக்க என்ன வழி?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: வீட்டில் யாரும் மதிப்பதில்லை என்று எழுதும் பெண்கள் எனக்குப் புதிதல்ல. தையல், எம்பிராய்டரி, மாடித் தோட்டம் என்று வேலை மாறும், மனக்குறை மாறாது. "கவலைப்படாதீர்கள், ஒருநாள் உங்கள் அருமை தெரியும்" என்று எழுதினால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். நான் அப்படி எழுதப் போவதில்லை.

கழுத்து ஏன் இறுகுகிறது என்று காரணம் பிடிபடவில்லை என்கிறீர்கள். அதற்கு நாலு வரி முன்னால், அந்தக் காரணத்தை உங்கள் மாமியார் சொன்னதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே காகிதத்தில், ஒரே கையெழுத்தில் இருக்கின்றன. எழுதும்போது உங்களுக்கு உறைக்கவே இல்லையா?

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கழுத்துப் பட்டியை முடிக்கும்போது ஊசியில் இருக்கும் ஒரு கண்ணியை, அதாவது நூல் வளையத்தை, தூக்கி அடுத்த கண்ணியின் மேல் போட்டுக்கொண்டே போகிறோம். எங்கே கழன்றுவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொரு கண்ணிக்கும் நூலைச் சுண்டி இழுப்போம். பட்டி முழுக்க எவ்வளவு நெகிழ்வாகப் பின்னியிருந்தாலும் அந்தக் கடைசி வரி விரிந்து கொடுத்தால்தான் கழுத்து விரியும். 4 மில்லிமீட்டர் ஊசியில் பின்னுகிறீர்கள் என்றால், முடிக்கிற அந்த ஒரு வரிக்கு மட்டும் 5 மில்லிமீட்டர் ஊசியை வலது கையில் எடுங்கள். இழுக்காமல் போடுங்கள், கண்ணி தானாகப் பெரிதாக விழும். பீரோவில் இருப்பவற்றையும் கெடுக்க வேண்டாம். கடைசியாக முடித்தது கழுத்துப் பட்டி என்றால், அந்த முடிச்சை அவிழ்த்து, முடித்த வரியை மட்டும் பிரித்து, கண்ணிகளை மறுபடி ஊசியில் ஏற்றி நெகிழ்வாக முடித்தால் போதும். ஒரு ஸ்வெட்டருக்கு அரை மணி நேர வேலை.

நான் இத்தனை வரியில் எழுதியதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அதுவும் கண் தெரியாமல், விரலால் இழுத்துப் பார்த்து. முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரி வீடியோவில் "நீங்கள் நூலை இறுக்குகிறீர்கள்" என்று சொன்னால் நோட்டில் குறித்துக்கொள்வீர்கள். அதையே மாமி சொன்னால் குறை சொல்கிறார் என்று கதவைச் சாத்துகிறீர்கள். கைவேலையின் அருமை தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்று என்னிடம் புகார் வேறு. உங்கள் வீட்டில் நூலைத் தொட்டதும் கோளாறு சொல்லத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவரைத்தான் வெளியே நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்.

"லேஸ் போட்டவர்" என்று இரண்டே வார்த்தையில் தாண்டிப் போகிறீர்கள். என்ன லேஸ்? கொக்கி ஊசியில் பின்னும் குரோஷாவா, தலையணை லேஸா? உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். தலையணை லேஸ் என்றால் அது லேசுப்பட்ட வேலை இல்லை. கெட்டியான தலையணைமேல் டிசைன் குத்திய அட்டையை வைத்து, அதன் வழியே குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டைகளை ஜோடி ஜோடியாகக் குறுக்கே மாற்றிப் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரு கட்டையில் நூலின் இழுவை கொஞ்சம் கூடினாலும் பூ ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அந்த வேலையில் பழகின விரலுக்கு உங்கள் ஸ்வெட்டரின் கழுத்து எம்மாத்திரம்!

இந்த வேலை நம் மாவட்டத்துக்கு வந்த கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பைச் சேர்ந்த சார்ல்ஸ் மால்ட் 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்தார். அவர் மனைவி மார்த்தா மால்ட் 1820-களில் பெண் பிள்ளைகளைச் சேர்த்து எழுத்தோடு லேஸும் கற்றுக்கொடுத்தார். அன்றைக்கு நம் மாவட்டம் சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். அதற்கு முன்பே, லேஸ் போட்டுச் சேர்த்த காசில் தங்கள் விடுதலையை வாங்கிய பெண்கள் இங்கே இருந்தார்கள். தோளை மூட உரிமை கேட்டு, 1859-இல் மகாராஜாவின் அறிவிப்பு வரும்வரை அடிவாங்கிய பெண்களின் காலமும் அதுதான். அப்புறம் 1897-இல் பெல்ஜியத்திலிருந்து மதர் மேரி லூயிஸ் முளகுமூட்டுக்கு வந்தார். அங்கேயும் கன்னியர் மடத்தில் ஆதரவற்ற பெண்களுக்கு லேஸும் எம்பிராய்டரியும் சோறு போட்டன. நம் பாட்டிமார் இந்த நூலைப் பிடித்தது பொழுது போகாமல் அல்ல. உங்கள் மாமியார் லேஸ் போட்ட காசில் உங்கள் கணவரின் பள்ளிக்கூட பீஸ் கட்டப்பட்டதா என்று அவரிடமே கேளுங்கள். கட்டியிருந்தால், "யாருக்கு ஸ்வெட்டர்?" என்று கேட்கும் தன் மகனுக்குப் பதில் சொல்ல உங்களைவிட அவருக்கே அதிக உரிமை இருக்கிறது.

அவர் பேச்சு எப்போதும் இனிப்பாக இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. பழைய வருத்தம் ஏதாவது இருக்கலாம். இருக்கட்டும். வயதான ஒருத்தி துணியைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டு உங்கள் பக்கத்தில் வருகிறார். எழுந்துபோய்க் கதவைச் சாத்துகிற கை தப்பான கை. மருமகள் மாமியாருக்கு அடிமை இல்லை, அதை இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரே கூரைக்குக் கீழே வயதானவரைப் பேச ஆளில்லாமல் வைப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. நாளைக்கு உங்கள் மகனின் மனைவி உங்களைப் பார்த்துக் கதவைச் சாத்தினால், அதையும் எனக்குத்தான் எழுதுவீர்கள்.

ஆகவே காலை வேலை முடிந்ததும் அறைக்குள் போகாதீர்கள். முன் வராந்தாவில் பாய் விரித்து இரண்டு பேருக்கும் சாயா எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பின்னியதை அவர் மடியில் போட்டு, எங்கே இறுகுகிறது என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். இந்தத் தடவை பதிலுக்குப் பேசாமல் கேளுங்கள்.

நூல் விஷயம் சின்னது. ஒவ்வொரு உருண்டையின் லேபிளிலும் நிற எண்ணோடு, எந்தத் தடவை சாயம் ஏற்றியது என்று காட்டும் சாய எண்ணும் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்கும் உருண்டைகளாக, வேலைக்கு வேண்டியதை ஒரே தடவையில் வாங்குங்கள். பாதியில் தீர்ந்து அதே நிறத்தை மறுபடி வாங்கினால் சாய எண் மாறிச் சாயலும் மாறிவிடும்.

போனில் கற்பதை நான் குறை சொல்லவில்லை. ரேவல்ரி 2007-இல் தொடங்கியது. உலகத்துப் பின்னல்காரர்கள் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். நீங்களும் இருங்கள். ஆனால் குளிர் நாட்டு டிசைனை அப்படியே எடுக்காமல், நூல் வகையில் பருத்தி என்று தேர்ந்தெடுத்துத் தேடுங்கள். உங்கள் கணவர் கேட்டதில் பாதி நியாயம். அக்ரிலிக் நூல் நம் ஊர் வேர்வையில் உடம்பில் ஒட்டும். ஆனால் பிறந்த குழந்தைக்கு எந்த ஊரிலும் தலைவழியாகச் சூடு போகும், பருத்தித் தொப்பி ஒன்று அவசியம். ஆடி மழையில் காலுறையும் உதவும். பீரோவில் இருக்கும் ஸ்வெட்டர்களைப் பெங்களூரிலும் கனடாவிலும் பிள்ளை பெற்றிருக்கும் சொந்தக்காரர்களுக்கு அனுப்புங்கள். பூட்டி வைத்த துணியை யார் பார்த்து மதிப்பது?

கடைசியாக, நீங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதிய ஆபரேஷன். ஊர்விட்டு ஊர் நூல் வரவழைக்க யாருடைய லீவுக்கும் நீங்கள் காத்திருக்கவில்லை. கண்புரைக்கு மட்டும் மஸ்கட்டிலிருந்து ஆள் வரவேண்டுமா? மங்கின லென்ஸை எடுத்துச் செயற்கை லென்ஸ் வைக்கிற வேலை அது. பெரும்பாலானவர்கள் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். தள்ளிப்போட்டால் புரை கெட்டிப்பட்டு ஆபரேஷன் சிரமமாகும். மங்கின கண்ணோடு நடக்கும் வயதானவர் தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டால் அதற்குப் பிறகு எந்த லீவும் போதாது. கணவரிடம் அனுமதி கேட்காதீர்கள், போகும் தேதியைச் சொல்லுங்கள். லீவு கிடைக்காவிட்டால் காசு அனுப்பட்டும், தினமும் போனில் தாயிடம் பேசட்டும். வண்டி ஓட்ட மகன் இருக்கிறான், அவனுக்கும் பாட்டிதானே?

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. ஆதார், ரேஷன் கார்டு, அவர் சாப்பிடும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு இந்த வாரமே காலையில் போய்விடுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரங்களுக்குத் தினமும் பலமுறை சொட்டு மருந்து விட வேண்டியிருக்கும். அதை நீங்கள்தான் விடவேண்டும்.