ஆறரை மணிக்கும் குப்பிக்கும் என்ன தொடர்பு?

கேள்வி: இலங்கைப் பல்கலைக்கழகங்களில் எங்கும் எழுதிவைக்காத சமூக விதிகள் நிறைய உண்டு என்கிறார்களே, ஒரு மாணவியாக நீங்கள் கண்டவை எவை? அவற்றால் நன்மையா, தொல்லையா?

நான் வவுனியாக்காரி. ஹொரவப்பொத்தானை வழியாக பஸ் ஏறி வந்து, திருகோணமலையில் போர்டிங் எடுத்துப் படிக்கிறேன். இப்போது மூன்றாம் வருடம். கையேட்டில் இருக்கும் விதிகளை விட்டுவிடுகிறேன். 80 வீதம் வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்பதெல்லாம் முதல் கிழமையே தெரிந்துவிடும். நீங்கள் கேட்பது மற்றது.

முதலில் முறை சொல்லிக் கூப்பிடுவது. இங்கே வயதை யாரும் பார்ப்பதில்லை, பேட்ச்சைத்தான், அதாவது எந்த வருடம் கம்பஸுக்குள் வந்தவர் என்பதைத்தான் பார்ப்பார்கள். பல்கலைக்கழகம் வர எழுதும் ஏ.எல். பரீட்சையை மூன்று தடவை எழுதலாம் என்பதால் முதல் தடவையில் வந்தவரும் மூன்றாம் தடவையில் வந்தவரும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். என் பேட்ச் பொடியன் ஒருவன், ஊரில் தனக்குப் பந்து பொறுக்கிக் கொடுத்த சின்னவன் முந்திய பேட்ச்சில் வந்துவிட்டதால் அவனை இங்கே ‘அண்ணா’ என்கிறான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரும். ஆனாலும் ஆட்கள் முன்னால் அண்ணாதான். முஸ்லிம் சீனியர் என்றால் ‘நானா’, சிங்கள சீனியர் என்றால் ‘அய்யா’. ஒரு செமஸ்டருக்குள் நாக்கு பழகிவிடும்.

மரியாதை பழக்குகிறோம் என்று சொல்லித்தான், புதியவர்களைச் சீனியர்கள் வதைக்கும் பகிடிவதைக்கும் நியாயம் கற்பிக்கிறார்கள். 1997இல் பேராதனையில் பொறியியல் பீட மாணவர் ஒருவர் பகிடிவதையால் இறந்தார். அடுத்த வருடம் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை. பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ என்றால் பத்து வருடம் வரை. புதிதாக வரும் பிள்ளைகளின் அம்மா அப்பாவுக்கு இதைச் சொல்லிவையுங்கள். ‘அண்ணா’ என்று கூப்பிட வைக்க ஒருவரையும் முழங்காலில் நிறுத்தத் தேவையில்லை. இதில் இரண்டு பக்கமும் பார்த்துப் பேச எனக்கு ஒன்றுமில்லை.

சாப்பாட்டு விதி எனக்கு மிகவும் பிடித்தது. எங்கள் மேசையில் மூன்று இனமும் இருக்கும். மாடு வராது, பன்றி வராது, கோழி என்றால் ஹலால் கடையில் வாங்கியதுதான். வெள்ளிக்கிழமை எனக்கு மரக்கறி. அன்றைக்கு மற்றவர்கள் மீன் பார்சலை மேசையின் மறுகோடியில் விரிப்பார்கள். நான் கேட்டதே இல்லை. இன்னொன்று, லஞ்ச் சீட்டை விரித்ததும், சோற்றில் கைவைக்க முன்னரே, பாதி முட்டையோ ஒரு துண்டுப் பொரியலோ பக்கத்துப் பார்சலுக்குப் போய்விட வேண்டும். கை பட்ட பிறகு நீட்டினால் வாங்குவதா விடுவதா என்ற சங்கடம் மற்றவருக்கு. நோன்பு மாதத்தில் அந்த மேசையே காலி. நாங்கள் வேறெங்காவது ஒதுங்கிச் சாப்பிட்டுவிட்டு வருவோம். வெள்ளி மத்தியானம் ஜும்ஆ என்பதால் குரூப் வேலைக்கு அந்த நேரத்தை யாரும் குறிப்பதில்லை.

அடிக்கடி மீறப்படுவது பாஷை விதி. விளங்காத ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது அவருக்கும் விளங்கும் பாஷைக்கு மாற வேண்டும். சிங்களப் பிள்ளைகள் மறப்பார்கள், நாங்களும் மறப்போம். நாலு தமிழர் சேர்ந்துவிட்டால் ஐந்தாவது ஆள் போனைத்தான் நோண்ட வேண்டும்.

இனி குப்பி. நான் அதிகம் சொல்ல நினைப்பது இதைப்பற்றித்தான்.

பரீட்சை நெருங்கும்போது பாடம் விளங்கியவர் விளங்காதவர்களுக்கு எடுக்கும் வகுப்புக்கு இலங்கைக் கம்பஸ்களில் குப்பி என்று பெயர். விரிவுரை ஆங்கிலத்தில், ஸ்லைட் ஆங்கிலத்தில். மண்டைக்குள் இறங்குவது குப்பியில், தமிழில். சிங்களப் பிள்ளைகளுக்குத் தனிக் குப்பி. கெக்கிராவையிலிருந்து வந்த என் தோழி தமிழில் படித்தவள், சிங்களமும் தண்ணீர்பட்ட பாடு. இரண்டு குப்பியிலும் இருந்துவிட்டு இங்கே சொன்னதை அங்கேயும் அங்கே சொன்னதை இங்கேயும் கொண்டுபோவாள். பரீட்சைக் காலத்தில் எங்கள் பேட்ச்சின் மிகப் பெரிய புள்ளி அவள்தான்.

குப்பிக்கும் ஒழுங்கு உண்டு. காசு கிடையாது. எடுப்பவருக்குப் பிளேன்டீயும் ரோல்ஸும் மற்றவர்கள் செலவு. ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் “இது எக்ஸாமுக்கு வருமா?” என்று கேட்கக் கூடாது. பாதியில் எழும்பக் கூடாது. பாஸ்ட் பேப்பர் வைத்திருந்தால் ஒளிக்கக் கூடாது. ஒளித்தவனை அடுத்த குப்பிக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். தண்டனை அவ்வளவுதான், ஆனால் அது போதும்.

நல்ல குப்பிகள் பெரும்பாலும் இரவில், பொடியன்களின் அறைகளில் நடக்கும். பொம்பிளைப் பிள்ளைகளின் போர்டிங்கில் கேட் ஆறரைக்குப் பூட்டு. வீட்டுக்கார அன்ரி முதல் நாளே சொன்னார்: “பிள்ளை, ஆறரைக்குள்ள வந்திடோணும். நாளைக்கு ஊர் கதைக்கும்.” திருகோணமலை டவுனில் புள்ளிமான்கள் நடுச்சாமத்திலும் ரோட்டில் உலாத்துகின்றன, அவற்றைப் பற்றி ஊர் ஒன்றும் கதைப்பதில்லை.

இருட்டினால் பஸ் குறைவு, கார்த்திகை, மார்கழி மழையில் கரன்டும் போய்விடும். நேரத்தோடு வீடு வருவதன் நியாயம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் இந்த ஆறரை மணி வீட்டு வாசலோடு நிற்பதில்லை. இரவு ஒன்பது மணிக்கு ஒரு அறையில் பன்னிரண்டு பொடியன்கள் சேர்ந்து போன வருடப் பேப்பரை அலசும்போது, நாங்கள் வேறு வேறு போர்டிங்குகளில் தனித்தனியாக ஸ்லைட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம். மறுநாள் காலை கொப்பிப் பக்கங்களின் படம் வாட்ஸ்அப்பில் வரும். விடை இருக்கும், அந்த விடை ஏன் வந்தது என்ற கதை இருக்காது. பெண் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள், பொடியன்கள் விளங்கிப் படிக்கிறார்கள் என்று பேட்ச்சில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். ஒன்பது மணிக்கு யார் எங்கே இருந்தார்கள் என்று பார்த்துவிட்டு அதைச் சொல்லட்டும்.

கொரோனாக் காலத்து சூம் பழக்கம் கொஞ்சம் கைகொடுத்தது. இரவுக் குப்பி சிலவற்றைப் பொடியன்கள் போனை நிமிர்த்திவைத்து சூமில் விடுகிறார்கள். டேட்டா தீர்ந்தால் அதுவும் நின்றுவிடும். போன செமஸ்டரில் நாங்கள் வேறு வழி பார்த்தோம். குப்பியை எங்கள் போர்டிங் விறாந்தைக்கே கொண்டுவரலாமா என்று அன்ரியிடம் கேட்டோம். இரண்டு நாள் யோசித்தார். பிறகு மூன்று நிபந்தனை போட்டார்: லைற் எரிய வேண்டும், கேட் திறந்திருக்க வேண்டும், எட்டு மணியோடு முடிய வேண்டும். நான்காவது நிபந்தனையை அவர் சொல்லவில்லை. கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து தானும் எங்களோடு இருந்துவிட்டார்.

அன்றைக்குப் புள்ளிவிபரவியல். குப்பி எடுத்த பொடியன் வெள்ளைப் பலகையில்லாமல் பழைய கலண்டரின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தான். அன்ரி அரை மணித்தியாலம் பேசாமல் பார்த்தார். பிறகு கேட்டார்: “தம்பி, அந்த எக்ஸ் ஏன் ஒவ்வொரு கணக்கிலயும் ஒவ்வொரு விலை சொல்லுது?” எல்லோரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. அவருக்கு விளங்கும்படி மாறி (variable) என்பதன் கதையை மீன் சந்தை விலையை வைத்துத் திரும்பவும் முதலிலிருந்து சொன்னான். எங்களில் மூன்று பேருக்கு அப்போதுதான் அந்தப் பாடமே பிடிபட்டது. அடுத்த குப்பிக்கு அன்ரியே பிளேன்டீ போட்டார். ஊர் கதைத்ததா என்று கேட்டால், கதைத்தது. பக்கத்து வீட்டு அக்கா தன் மகளுக்கும் கணக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டு வந்தார்.

ஆகவே நன்மையா, தொல்லையா என்ற கேள்விக்கு என் பதில்: விதியைப் போட்டவரோடு உட்கார்ந்து பேச முடிந்தால் பாதித் தொல்லை குறையும். எல்லா அன்ரிமாரும் இப்படி இருக்க மாட்டார்கள் என்பதும் தெரியும். எங்கள் பேட்ச்சிலேயே இரண்டு போர்டிங்குகளில் கேட்டுப் பார்த்தார்கள், முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த வருடம் வரும் தங்கச்சிமாருக்கு ஒன்று. அட்வான்ஸ் கொடுக்க முன்னர் வாடகை, கரன்ட் பில், கிணற்றுத் தண்ணீர் உப்பா என்று எல்லாம் கேட்பீர்கள்தானே, அதோடு விறாந்தையில் நாலு பேர் இருந்து படிக்கலாமா என்றும் கேளுங்கள். எங்கள் போர்டிங்கைப் பற்றி உள்பெட்டியில் விசாரிக்க வேண்டாம், இப்போதைக்கு அறை காலி இல்லை.